பதினேழாம் இலக்க விமானத்தின் இரண்டு துளைகள்

1990 ஒக்டோபர் 19 – கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒருவழிச் சீட்டு, 1,840 டொலர்.
1998 யூன் 4 – விமானப் பராமரிப்பு அனுமதிப்பத்திரம், கட்டணம் 90 டொலர்.
2015 மே 9 – விமானப் பந்தயக் கழகம், அங்கத்துவப் பணம் 75 டொலர்.
2024 ஓகஸ்ட் 23 – கோயிலில் அர்ச்சனைச் சீட்டு, 10 டொலர்.
2024 ஓகஸ்ட் 24 – புரொப்பெல்லர், முன்சில்லு, இடது இறக்கை நுனி உடைந்த நட்டம், 31,600 டொலர்.
2024 செப்டெம்பர் 7 – நைலோன் நூல் ஒரு சுருள், 4 டொலர் 19 சதம்.

வீரக்குட்டியின் கையாலும் அவரைச் சுற்றியும் இந்த முப்பத்து நான்கு வருடத்தில் போன காசு எவ்வளவோ. இந்தக் கதைக்கு இந்த ஆறு வரிகள் போதும். ஆகப் பெரிய தொகை எது என்று அவரைக் கேட்டால், முப்பத்தோராயிரத்தைத் தாண்டிப் போய்ப் பத்து டொலரில்தான் விரலை வைப்பார்.

பழுகாமத்தில் பிறந்து, ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரே வீட்டில் முப்பது வருடமாக இருப்பவர். அவரைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது அவர் விமானம் திருத்துகிறவர் என்பதை அல்ல, எதையும் நம்பாதவர் என்பதைத்தான். கலியாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்க்குமுன் அவசரக் கதவைத் தள்ளிப் பார்ப்பார். பிறந்தநாள் கேக் நீட்டினால் பெட்டியைத் திருப்பித் திகதி தேடுவார். கராஜில் டயர் மாற்றினால் கராஜ்காரர் பார்த்திருக்கவே நட்டுகளைத் தன் கையால் இன்னொருமுறை முறுக்குவார். கராஜ்காரர் கோபித்தால், "உங்களில நம்பிக்கை இருக்கு. நட்டிலதான் இல்லை" என்பார்.

இந்தக் குணந்தான் அவருக்குச் சோறு போட்டது. வந்த புதிதில் மிசிசாகாவில் விமான நிலையத்தில் விமான இருக்கைகளுக்குக் கீழே குப்பை உறிஞ்சும் வேலை. ஒருநாள் ஓர் ஆணி அகப்பட்டது. அதை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய், இது எங்கிருந்து கழன்றது என்று தெரியாமல் விமானத்தை விடக்கூடாது என்று படிக்கட்டில் நின்றுவிட்டார். விமானம் நாற்பது நிமிடம் பிந்தியது. கடைசியில் அது பயணி ஒருவரின் பெட்டிச் சில்லிலிருந்து கழன்ற ஆணி என்று தெரியவந்தது. மேற்பார்வையாளர் திட்டவில்லை. "இந்த ஆளைக் குப்பை பொறுக்க விட்டு வைத்தால் நமக்குத்தான் நட்டம்" என்று மாலை வகுப்புக்கு அனுப்பினார். அப்படித்தான் பட்டியலின் இரண்டாம் வரி வந்தது.

பந்தயக் கழகத்துக்கும் அவர் விரும்பிப் போகவில்லை. விட்பிக்கும் கிழக்கே, சோயா வயல்களின் நடுவில் ஒரு சிறிய ஓடுதளம். கோடையில் அங்கே ஒருவர் இருவர் இருக்கும் சின்ன விமானங்கள் பந்தயம் பறக்கும். வயல்களில் உயரமான கூம்புகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றித் தாழப் பறந்து, யார் முதலில் முடிப்பது என்பதுதான் போட்டி. வேலைத்தலத்து நண்பர் ஒருவர் வேடிக்கை காட்டக் கூட்டிப்போனார். வீரக்குட்டி விமானங்களைப் பார்க்காமல், சனம் நிற்கும் கயிற்றுக்கும் பறக்கும் பாதைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்துகொண்டு நின்றார். "இதென்ன பைத்தியக்கார வேலை" என்றார். அடுத்த பருவம் தொடங்குமுன்பே அங்கத்துவப் பணம் கட்டினார். தூரத்தில் நின்று சந்தேகப்படுவதைவிடக் கிட்டப் போய்ச் சந்தேகப்படுவது மேல் என்பது அவர் கணக்கு.

2019இல் ஒரு விமானத்தின் சில்லு மூடி கழன்று சனத்தின் தலைக்கு மேலால் போய் வயலில் விழுந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதன்பிறகுதான் கழகம் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது. பறக்குமுன் ஒவ்வொரு விமானத்தையும் பரிசோதகர் பார்க்கவேண்டும். அசையக்கூடாத ஒவ்வொரு நட்டிலும், நட்டையும் தகட்டையும் சேர்த்து ஒரு செம்மஞ்சள் கோடு போடவேண்டும். நட்டு அரைத் திருப்பு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எல்லாம் பார்த்தபின் பரிசோதகர் கையொப்பம் வைப்பார். கையொப்பத்துக்குப் பிறகு விமானத்தை ஒருவரும் தொடக்கூடாது. அந்தப் பரிசோதகர் வீரக்குட்டியேதான். ஐந்து பருவங்கள் அவர் கோட்டை மீறி ஒன்றும் கழலவில்லை. 2022இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் கையொப்பம் ஒன்றுதான்.

2024 ஓகஸ்ட் 24, சனிக்கிழமை. அன்று அவருடன் மனைவி கோணேஸ்வரியும் வந்திருந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. பரிசோதகருக்கு ஒரு விருந்தாளியை உள்ளே கூட்டிவர அனுமதி அட்டை உண்டு. அதை அவர் அதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

"வெயிலுக்குள்ள வந்து என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டிருந்தார்.

"அந்தப் பதினேழாம் நம்பர்ப் பிள்ளை பறக்கிறதைப் பாக்கப் போறன்" என்றார் கோணேஸ்வரி.

பதினேழாம் இலக்கக்காரன் திலக்சன். விட்பியில் இருப்பவன், இருபத்தொன்பது வயது. கிழமை நாட்களில் கணினி வேலை, சனி ஞாயிறு விமானம். போன மாரியில் அவன் தாய் தவறிப்போனார். செத்தவீட்டுக்கு வீரக்குட்டியும் மனைவியும் போயிருந்தார்கள். அன்றிலிருந்து கோணேஸ்வரிக்கு அவன் பெயர் 'அந்தத் தாயில்லாப் பிள்ளை'. அவனுடைய விமானத்தைப் பராமரிப்பவன் யூட்சன். மிசிசாகாவில், வீரக்குட்டி வேலை செய்த அதே விமானப் பராமரிப்புக் கொட்டகையில் இப்போதும் வேலை செய்கிறவன்.

காலை ஒன்பது மணிக்கு வீரக்குட்டி பதினேழாம் விமானத்தைச் சுற்றிவந்து, தட்டி, குனிந்து, கோடு போட்டு, கையொப்பம் வைத்தார். மத்தியானம் விமானிகளுக்கான கூட்டத்துக்குப் போனார். இரண்டு மணிக்குத் திலக்சன் ஏறினான். சுற்றுகளை அழகாக முடித்தான். இறங்கும்போதுதான் எல்லாம் பிழைத்தது. ஓடுதளத்துக்கு மேலே விமானம் அம்பு மாதிரி வந்தது. பாதித் தூரம் நிலத்தில் முட்டாமலே போய், முட்டியபின் நிற்காமல், தார் முடிந்து சோயா வயலுக்குள் மூக்குக் குத்தியது. தீயணைப்புக்காரர் நுரை அடித்து வால்வரை மூடினார்கள். திலக்சனை இழுத்தெடுத்தபோது வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்தது.

"ஸ்பீட் காட்டேல்லை அங்கிள்" என்றான் அம்புலன்சில். "கீழ வரேக்க நாப்பது எண்டு காட்டினது. நாப்பதில காத்துத் தாங்காம ஸ்ரோல் ஆகி விழும். ஃபுல் பவர் குடுத்தன். வீல் படேக்க பாத்தா நூத்திருபது."

வீரக்குட்டிக்கு விளங்கிவிட்டது.

விமானத்தின் விலா இரண்டிலும், வாலை அண்டி, தீக்குச்சித் தலையளவு ஒவ்வொரு துளை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை உள்ளே இருக்கும் கருவிகளுக்குக் கொண்டுபோவது அந்தத் துளைகள்தான். வேகம் காட்டும் முள் அவற்றை நம்பித்தான் ஓடுகிறது. துளைகள் அடைபட்டால் நிலத்தில் ஒன்றும் தெரியாது, எல்லாம் சரியாகக் காட்டும். மேலே ஏறினால் முள் வேகத்தைக் குறைத்துக் காட்டும். திரும்ப நிலத்துக்கு வந்ததும் மறுபடி நல்லபிள்ளையாகிவிடும். திலக்சன் சொன்னது உண்மையானால், யாரோ இரண்டு துளையையும் மூடியிருக்கவேண்டும். ஒன்பது மணிக்கு அவை திறந்திருந்தன. வீரக்குட்டி விரல் வைத்துப் பார்த்தவர்.

வயலில் போய்ப் பார்த்தபோது துளைகளின் மேல் நுரையைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குள் காப்புறுதிக்காரர் வந்து விமானத்தைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இரண்டு கிழமைக்கு ஒருவரும் தொடமுடியாது. கழகத்தின் பாதுகாப்புக் குழு வீரக்குட்டியிடமே அறிக்கை கேட்டது.

அன்று காரில் வரும்போதே மனைவிக்குச் சட்டம் போட்டார். "விசாரணை முடியுமட்டும் பிளேன் கதை இந்த வீட்டில வேண்டாம். நானும் சொல்லமாட்டன், நீயும் கேக்காத."

"நான் ஒண்டு சொல்லட்டா?"

"வேண்டாம் எண்டனே."

கோணேஸ்வரி கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த இரண்டு கிழமையும் வீரக்குட்டி சந்தேகத்திலேயே சமைத்து, சந்தேகத்திலேயே சாப்பிட்டார். முதலில் திலக்சன். வேகமாக வந்து விழுந்த விமானி முள்ளில் பழி போடுவது புதிதல்ல. துளை அடைபட்டால் என்ன நடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. விட்பிக்குப் போய், கட்டுப்போட்ட கையோடு இருந்த பையனிடம் ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டார். நான்குக்கும் ஒரே பதில்.

"ஏற முதல் நீ சுத்திப் பாத்தாயா மனே?"

திலக்சன் நிலத்தைப் பார்த்தான். "இல்லை அங்கிள். நீங்க சைன் வச்சிட்டீங்கதானே. பிறகு நான் ஏன் பாக்க?"

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசிக்க அப்போது நேரமுமில்லை, மனமுமில்லை.

அடுத்தது யூட்சன். வெள்ளிக்கிழமை அவன் விமானத்தைக் கழுவியிருந்தான். கழுவும்போது தண்ணீர் போகாமல் துளைகளுக்கு டேப் ஒட்டுவது வழக்கம். சனி காலை டேப் இல்லை, அது நிச்சயம். ஆனால் பதினொரு மணிக்குப் படம் பிடிக்க வந்தவர்களுக்காக அவன் விமானத்தைத் தனியாக நின்று மினுக்கியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். மினுக்க மறுபடி டேப் ஒட்டி, கழற்ற மறந்திருந்தால்? மறக்காமல் வேண்டுமென்றே விட்டிருந்தால்? பந்தயத்தில் திலக்சனோடு போட்டியிடும் மஞ்சள் விமானக்காரர் அவனுக்குக் கூடிய சம்பளத்தில் வேலை தருவதாகச் சொன்ன கதையும் காதுக்கு வந்தது. வீரக்குட்டிக்கு இரண்டும் இரண்டும் நாலாகவில்லை. ஆறாகிக்கொண்டிருந்தது.

மிசிசாகாவில் ஒரு கோப்பிக் கடையில் அவனைச் சந்தித்தார்.

"என்ன அண்ணை, நீங்களே கோப்பி வாங்கித் தாறியள். விசாரணையோ?" என்றான் யூட்சன் இருக்கையில் அமர்ந்தபடி.

"பதினொரு மணிக்குப் பிளேனடியில என்ன செய்தாய்?"

"துடைச்சனான்."

"என்னத்தால?"

"துணியாலதான். வேற என்னத்தால துடைக்கிறது, தோசைக் கரண்டியாலயோ?"

"மெழுகு பூசினதா?"

"மூக்குப் பக்கம் கொஞ்சம். போட்டோக்காரர் நிண்டவை."

"அப்ப வால் பக்கம் டேப் ஒட்டியிருப்பாய்."

"வால் பக்கம் நான் போகவே இல்லை."

"ஆர் கண்டது?"

யூட்சன் கோப்பியைக் கீழே வைத்தான். "ஒரு மனிசன் ஒரு இடத்துக்குப் போகேல்லை எண்டதுக்கு எங்கயிருந்து அண்ணை சாட்சி பிடிக்கிறது?"

"மஞ்சள் பிளேன்காரர் உனக்கு வேலை தாறம் எண்டவங்களாம்."

"ஓம், கேட்டவை. மாட்டன் எண்டனான். அதையும் ஒருத்தரும் காணேல்லை." கதிரையை முன்னுக்கு இழுத்தான். "என்ர கலியாணத்தண்டு நீங்கள் சாப்பாட்டு மேசைக்கு வர முதல் கதவைத் தள்ளிப் பாத்தனீங்கள். என்ர மாமி இப்பவும் கேக்கிறவ, அந்த ஐயா ஃபயர் டிப்பாட்மென்ரோ எண்டு. நாங்கள் சிரிச்சனாங்கள். இப்ப சிரிப்பு வரேல்லை. உங்கட ரிப்போட்டில என்ர பேர் வந்தா எயர்போட்டில என்ர லைசென்சையும் எடுத்துக் கிண்டுவாங்கள். அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதாலதான் கேக்கிறன்."

எழும்பும்போது யூட்சன், "அண்டைக்குப் பிளேனடியில நான் மட்டும் நிக்கேல்லை" என்றான்.

"ஆர் நிண்டது?"

அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "ஒண்டுமில்லை. நீங்களே தேடுங்கோ."

அகப்பட்டவன் மற்றவன்மேல் புழுதி எறிவான். வீரக்குட்டி அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

செப்டெம்பர் 7இல் கொட்டகை திறந்தது. வீரக்குட்டி விமானத்தின் வயிற்றுத் தகட்டைக் கழற்றி, துளைக்குப் போகும் மெல்லிய குழாயை உள்பக்கத்தில் பிரித்து, புதிதாக வாங்கிய நைலோன் நூலை உள்ளிருந்து வெளியே தள்ளினார். கடினமான ஏதோ தடுத்தது. இன்னும் தள்ளினார். உள்ளங்கையில் மஞ்சளாய் ஒரு பொருக்கு விழுந்தது. மறு விலாவிலும் அதேபோல் ஒன்று. வெளியே இருந்ததை நுரை கழுவிக்கொண்டு போயிருக்கிறது. துளைக்குள் இறங்கிக் காய்ந்தது மட்டும் மிச்சம். யூட்சனின் மினுக்கு மெழுகும் மஞ்சள்தான். டேப் அல்ல, மெழுகையே பூசி அடைத்திருக்கிறான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பொருக்குகளை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் ஞாயிறு காலை, சமையலறை மேசையில் பையை வைத்துக்கொண்டு அறிக்கையை எழுதத் தொடங்கினார். யூட்சனின் பெயர் இரண்டாம் பந்தியில் வந்துவிட்டது. கோணேஸ்வரி தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். பையைப் பார்த்தார்.

"இதென்னத்துக்குச் சந்தனத்தைப் பையில போட்டு வச்சிருக்கீங்க?"

"அதைத் தொடாத. சாட்சி."

"எதுக்குச் சாட்சி? இது அந்தப் பிளேனுக்கு நான் வச்ச பொட்டுத்தானே."

வீரக்குட்டி பேனையை மூடி வைத்தார்.

"எந்த இடத்தில வச்ச நீ?"

"பொட்டு வைக்கிற இடத்திலதான். ரெண்டு பக்கமும் சிவப்பால வட்டம் கீறி நடுவில புள்ளி விட்டிருந்தாங்க. அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை அருச்சினை செய்தன். நட்சத்திரம் தெரியாது, அதால சாமி பேருக்குத்தான். அந்தச் சந்தனம். மேல கொஞ்சம் குங்குமமும் வச்சன்."

"ஆர் சொன்ன அது பொட்டு வைக்கிற இடமெண்டு?"

"ஆரும் சொல்லவா வேணும்? வட்டம் கீறி நடுவில புள்ளி இருந்தா வேற என்னத்துக்கு?"

"பக்கத்தில எழுதியிருக்கு. துளையை மூடக்கூடாதெண்டு இங்கிலீசில எழுதியிருக்கு."

"எழுத்தில முட்டாமத்தான் வச்சன்" என்றார் கோணேஸ்வரி.

வீரக்குட்டி பையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். பதினைந்து நாளான பின்பும் மணம் போகவில்லை. நேற்றே மணந்து பார்த்திருக்கலாம். சாட்சியை மணந்து பார்ப்பது அவர் தொழிலில் இல்லை.

சிவப்பு வட்டத்துக்குள் குங்குமம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வட்டத்தை நிரப்பிப் பூசியதுபோலத்தான் தெரிந்திருக்கும். விமானி சுற்றிவந்து குனிந்திருந்தால் கண்டிருப்பான். விமானி சுற்றிவரவில்லை. பரிசோதகரின் கையொப்பம் இருந்தது. அந்தப் பரிசோதகரின் விருந்தாளி, அவருடைய அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவர் கூட்டத்தில் இருந்த நேரத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர் ஓர் ஆளை மட்டும் சந்தேகப்படவில்லை.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"கார்ல வச்சே ஒண்டு சொல்லட்டா எண்டு கேட்டன். வேண்டாம் எண்டீங்க. நான் வச்ச பொட்டுத்தான் பிள்ளையைக் கை முறிவோட தப்ப விட்டது எண்டு சொல்லத்தான் வந்தன்."

அவர் துளை என்ன செய்யும் என்று சொன்னார். சுருக்கமாக, கூட்டாமல் குறைக்காமல். கோணேஸ்வரி கதிரையை இழுத்து மெல்ல இருந்தார்.

"அப்ப அவன்ட கை முறிஞ்சது என்னாலயா?"

"உன்னைக் கூட்டிவந்தது நான். அதில தனிய விட்டுட்டுப் போனதும் நான்."

"நான் அதைக் கேக்கல்ல."

வீரக்குட்டி பையின் வாயை மூடினார். "ஓம். அதாலதான்."

தேநீர் ஆடை கட்டியது. மேசையில் அறிக்கை கிடந்தது. அந்தப் பொருக்கு விழுந்ததை வேறு ஒருவரும் காணவில்லை. அதைக் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தால் முடிந்தது. 'காரணம் அறியப்படவில்லை' என்று இரண்டே சொல் எழுதினால் நுரையின் தலையில் எல்லாம் போய்விடும். அவர் கையொப்பம் அவரிடமே இருக்கும். ஆனால் மினுக்கு மெழுகும் மஞ்சள் விமானக்காரரும் என்ற பேச்சு ஏற்கெனவே குழு வரை போயிருந்தது. போகச் செய்தவர் அவர்தான். 'அறியப்படவில்லை' என்றால் அதற்கு மற்றவர்கள் யூட்சன் என்றுதான் அர்த்தம் பண்ணுவார்கள். உண்மையை எழுதினால் கையொப்பத்துக்குப் பிறகு ஆளை விட்டவர் என்று அவருடைய கையொப்பம் போகும்.

கோணேஸ்வரி தாளைப் பார்த்தார். "என்ர பேரை எழுதப் போறீங்களா?"

"எழுதாட்டி யூட்சன்ட பேர் நிக்கும்."

"அப்ப இனிசலோட எழுதுங்க. இந்தத் தெருவில மூண்டு கோணேஸ்வரி இருக்கிறாங்க."

அறிக்கை திங்கட்கிழமை போனது. போகுமுன் வீரக்குட்டி யூட்சனின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே விசயத்தைச் சொன்னார்.

"எனக்கு அண்டைக்கே ஒரு டவுட் இருந்தது அண்ணை" என்றான் யூட்சன். "அன்ரி பிளேனைச் சுத்திக் கும்பிட்டுக்கொண்டு நிண்டவ. பொட்டு வச்சதைக் காணேல்லை. கண்டிருந்தா விட்டிருக்கமாட்டன். பிறகுதான் யோசிச்சனான்."

"கோப்பிக் கடையில சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன எழுதியிருப்பியள்? நான் தப்பிறதுக்கு உங்கட மனிசியை இழுக்கிறன் எண்டுதானே?"

"ஓம்" என்றார் வீரக்குட்டி.

கோணேஸ்வரி தனியாக விட்பிக்குப் போய்த் திலக்சனைப் பார்த்தார். அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "அடுத்த முறை என்ர நெத்தியில வையுங்கோ அன்ரி. அதில ஹோல் ஒண்டுமில்லை" என்றானாம். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சமைத்துக் கொண்டுபோனதைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டு வந்தார்.

ஒக்டோபர் முதல் கிழமையில் பாதுகாப்புக் குழு கூடியது. தலைவி கஜனி, இங்கே பிறந்தவர். வைத்தியசாலை ஒன்றில் நோயாளிகளுக்கு மருந்து மாறிப் போகாமல் பார்க்கும் வேலை. அவர் கோணேஸ்வரியையும் அழைத்திருந்தார். விருந்தாளியைக் குற்றக்கூண்டில் ஏற்றப் போகிறார்கள் என்று வீரக்குட்டி எரிச்சலோடு பக்கத்தில் இருந்தார்.

"அன்ரி, அந்த சேர்க்கிளை ஏன் சூஸ் பண்ணினீங்க?" என்று கஜனி கேட்டார்.

கோணேஸ்வரி வீட்டில் சொன்னதையே சொன்னார். கஜனி சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

"அங்கிள், இதில அன்ரி மட்டும் இல்லை" என்றார் பிறகு. "அன்ரியை ஸ்ரொப் பண்ணினா நெக்ஸ்ற் இயர் இன்னொரு அன்ரி வருவா. அந்த மார்க்கே அப்பிடி இருக்கு. அதோட உங்கட சைன் இருந்தா வேற ஒருத்தரும் பாக்கிறேல்லை. திலக்சன் பாக்கேல்லை. கொடி காட்டுற ஸ்ராட்டரும் பாக்கேல்லை. நீங்க ஆரையும் ட்ரஸ்ட் பண்ணாதபடியா மற்ற எல்லாரும் உங்களை மட்டும் ட்ரஸ்ட் பண்ணிட்டினம்."

வீரக்குட்டி இது புகழ்ச்சியா குற்றச்சாட்டா என்று பார்த்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. விட்பியில் திலக்சன் சொன்ன பதில் ஏன் தனக்குப் பிடிக்காமல் போனது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அன்று எழுதிய விதிகள் அடுத்த பருவத்துக்கானவை. பரிசோதனை முடிந்ததும் இரண்டு துளையிலும் சிவப்பு நாடா தொங்கும் செருகி போடவேண்டும். விமானி ஏறுமுன் தானே சுற்றிவந்து அவற்றைக் கழற்றவேண்டும். இரண்டு நாடாவும் தன் கைக்கு வராமல் கொடி காட்டுபவர் கொடியை உயர்த்தக்கூடாது. துளையைச் சுற்றிய வட்டத்தை அழித்து, கறுப்பும் மஞ்சளுமாய்க் கோடு போட்ட சதுரம் தீட்டவேண்டும். கயிற்றுக்குள் விருந்தாளிக்கு இடமில்லை. கடைசி விதியைக் கஜனி சொன்னபோது இரண்டு பேர் எதிர்த்தார்கள். ஆனாலும் அது நிறைவேறியது. விமானத்தை இழுத்து வரும் தடியில், கைப்பிடிக்கு அருகே, ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டப்படும். பொட்டோ திருநீறோ சிலுவையோ, வைக்க விரும்புகிறவர்கள் அதில் வைக்கலாம். தடி விமானத்தோடு மேலே போவதில்லை.

"இழுக்கிற தடிக்கு வச்சா பிளேனுக்குச் சேருமா?" என்று கோணேஸ்வரி கேட்டார்.

"தடி இல்லாட்டி பிளேன் வெளியாலயே வராது அன்ரி" என்றார் கஜனி. கோணேஸ்வரிக்கு அது போதுமாக இருந்தது.

வீரக்குட்டியின் கையொப்பத்தைப் பற்றி மட்டும் அன்று முடிவு சொல்லவில்லை. கழகத்தின் பெரிய குழு கூடி எழுத்தில் அறிவிக்கும் என்றார்கள். மின்னஞ்சலில் அனுப்பவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். மையில் வைக்காத கையொப்பத்தை அவர் நம்புவதில்லை. முதல் கடிதம் அறிக்கை கிடைத்தது என்று சொன்னது. இரண்டாவது, விசயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னது. அதன்பின் நாள்தோறும் தபால்பெட்டிக்குப் போய் வந்தார். தபால்காரப் பெண் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் போட்டிருப்பாளோ என்று அங்கேயும் கேட்டார்.

மூன்றாவது வந்தபோது உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கோணேஸ்வரி வாங்கிக் கிழித்துக் கொடுத்தார். ஒரு பக்கந்தான். 2025 பருவத்துக்கு அவருடைய கையொப்பம் ஏற்கப்படாது என்றும், புதிய பரிசோதகர் இருவர் சேர்ந்து ஒப்பமிடுவார்கள் என்றும் இருந்தது. விமானம் பதினேழு தொடர்பாக யூட்சன் மீது எந்தக் குறையும் இல்லை என்று கழகம் பதிவு செய்கிறது என்றிருந்தது. கொடி காட்டுபவருக்குப் பக்கத்தில் நின்று நாடாக்களை வாங்கும் வேலையை அவர் ஏற்பாரா என்று கேட்டு, ஒரு மாதத்தில் பதில் தரும்படி முடித்திருந்தார்கள்.

முதலாவது வசனத்தை ஒருமுறை வாசித்தார். இரண்டாவதை மூன்றுமுறை வாசித்தார். பிறகு யூட்சனுக்குத் தொலைபேசி எடுத்து அதை அப்படியே வாசித்துக் காட்டினார்.

"கையெழுத்து அவங்கடதானோ எண்டு பாத்தனீங்களோ அண்ணை?" என்றான் யூட்சன்.

"பாத்தன். முதல் ரெண்டு கடிதத்தோடயும் வச்சுப் பாத்தன். ஒண்டுதான்."

"அப்ப சரி."

"நாடா வாங்கிற வேலைக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார் வீரக்குட்டி. யாரிடமும் யோசனை கேட்டுப் பழகாதவர் அவர்.

"செய்யுங்கோ. நீங்கள் வாங்கினா நான் இன்னொருக்கா எண்ணிப் பாக்கிறன்."

கோணேஸ்வரி உறையை எறியப் போனார். வீரக்குட்டி தடுத்து, அதன் மூலையில் பென்சிலால் அது வந்த திகதியைப் போட்டார். கடிதத்தின் தலையில் இருந்தது ஒக்டோபர் 30. நாடெங்கும் தபால்காரரின் வேலைநிறுத்தம் தொடங்க ஒருநாள் முன்பு, வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை.